முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே

வாடிப்பட்டி
9.6.2024

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா மருது எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பவதாரிணியும் சுகமா? உன் அம்மா சுகமா? இங்கே நான் சுகம், வயிற்றைத் தவிர. வயிற்றை மெஸ்காரர் பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் காலத்தில் யாருப்பா கடிதம் எழுதுவார்கள் என்று நீ சிரிப்பாய். முப்பது வருஷம் ரைஸ் மில்லில் வேலை பார்த்ததில் அரிசி முதலாளிக்குப் போனது, சத்தம் என் காதோடு வந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்கிறது. போன வாரம் உன் அம்மாவிடம், "எப்ப வார?" என்று கேட்டேன். அவள் என்னமோ சொன்னாள். "என்னா?" என்றேன். எதிர்வீட்டு சிவபாண்டி அவன் வாசலில் பல் விளக்கிக்கொண்டே பதில் சொல்கிறான்: "பாக்கலாம்னு சொல்றாங்கண்ணே!" புருசன் பெண்டாட்டிக்கு நடுவில் இவன் எதற்கு? அதனால்தான் கடிதம். போஸ்ட் ஆபீசில் தபால் கவர் கேட்டேன். அங்கே இருந்த பிள்ளை, கீழடியில் தோண்டி எடுத்த ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

விஷயத்துக்கு வாரேன். நம் அடுப்படியில் விரிசல் விட்டுக் கிடக்கிற கடப்பாக் கல்லை உடைத்துவிட்டு கிரானைட் மேடை போடப் போகிறேன். நல்ல கறுப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம், சீவுவதற்கு எனக்கு முடிதான் இல்லை. உன் அம்மா எத்தனை வருஷமாகக் கேட்டது! பேத்தியைப் பார்த்துக்கொள்ள ரெண்டு மாசம் என்று சித்திரையில் ஓசூருக்குக் கிளம்பினாளே, அவள் திரும்பி வந்து அடுப்படியில் கால் வைக்கும்போது அப்படியே வாயடைத்து நிற்க வேண்டும்.

கல் பதிக்கிற அழகுபாண்டி வந்து பார்த்தான். "மேடை ஒயரம் எம்புட்டுண்ணே?" என்றான். "ஊருக்கெல்லாம் வைக்கிற ஒயரம்தான்" என்றேன். "அப்படி ஒரு ஒயரமே கெடையாதுண்ணே. யாரு சமைக்கிறாங்களோ அவங்க முழங்கையில இருந்து நாலு அங்குலம் கீழ வைக்கணும். அக்கா என்னா ஒயரம் இருப்பாங்க?" என் தோளைத் தொட்டுக் காட்டினேன். "இது கல்யாணத்தன்னைக்கா, இப்பவா?" என்று கேட்கிறான்.

அதனால் அவளுக்குத் தெரியாமல் தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து எழுது. கிரானைட் பற்றி மூச்சு விடாதே. எந்தத் தேதிக்கு வருகிறாள் என்பதையும் கேட்டு எழுது. பேத்திக்கு என் முத்தம்.

உன் அப்பா,
மருது

*

ஓசூர்
17.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு, இசை எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை செக்யூரிட்டி அண்ணன் மாடி ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்தாராம்.

பவாவுக்கு ரெண்டு பல் வந்துவிட்டது. யார் விரலைக் கொடுத்தாலும் கடிக்கிறாள். நான் வேலைக்குப் போய் வருவதில் சிரமம் இல்லை, அம்மா இருப்பதால். அம்மா நன்றாக இருக்கிறார்கள்.

கிரானைட் போடுவது நல்ல விஷயம்தான் அப்பா. ஆனால் அவசரப்பட வேண்டாம், மெதுவாகச் செய்யுங்கள். அளவு எடுத்து எழுதுகிறேன். மெஸ்ஸில் சாம்பாருக்குப் பதிலாக ரசம் வாங்கிக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு நல்லது.

அன்புடன்,
இசை

*

வாடிப்பட்டி
26.6.2024

மகள் இசைவாணிக்கு அப்பாவின் ஆசிகள். இரண்டு பல் முளைத்த செய்தியை சிவபாண்டிக்கு நானே போய்ச் சொன்னேன். போனில் கேட்காத ஒரு செய்தி அவனுக்குக் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம்.

மேடையை உடைப்பதற்கு முன்னால் அடுப்படியைக் காலி பண்ண வேண்டும் என்றான் அழகுபாண்டி. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். ரெண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தேவையான சாமான் வருகிறது. எல்லாவற்றையும் படுக்கிற அறையில் அடுக்கியிருக்கிறேன். இப்போது எனக்கு ஒரு பக்கம் மிக்ஸி, ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை. புரண்டு படுத்தால் சத்தம் வரும். எனக்குத்தான் அது கேட்காது.

பழைய கல்லை உடைத்ததும் அழகுபாண்டி மூலைமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "மூலை சேரலயேண்ணே. கல்லை நேரா வெட்டிக் கொண்டாந்தா இந்தப் பக்கம் பல்லி குடும்பம் நடத்துற அளவுக்குச் சந்து வரும். எந்தக் கொத்தனாருண்ணே கட்டுனது?"

"கொத்தனாரு பாதியில ஓடிட்டான். மிச்சத்த நான்தான் கட்டுனேன்."

"அதான பாத்தேன்!" என்று சொல்லிவிட்டு, அந்த மூலைக்குத் தக்கபடி அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டான். அட்டை கோணலாக இருக்கிறது. அதே கோணலில் கல்லையும் அறுப்பார்களாம். நான் கட்டின சுவருக்குத் தகுந்த கல் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

மேலூர் ரோட்டில் கல் பட்டறைக்குப் போனோம். பலகை பலகையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். நான் பெரிய விவரக்காரன் மாதிரி உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். "என்னண்ணே தெரியுது?" என்றான் அழகுபாண்டி. "வழவழன்னு இருக்கு" என்றேன். "அம்புட்டுத்தான் தெரியணும்" என்றான். கறுப்பிலேயே சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டு தெரிகிற கல் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தோம்.

இனிமேல் கல்லைத் தாங்குவதற்குக் கீழே செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். அதற்குத்தான் உயரம் வேண்டும். நீ அளவும் எழுதவில்லை, அம்மா வருகிற தேதியும் எழுதவில்லை. ரெண்டையும் எழுது. மாப்பிள்ளையை மிகவும் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

ஓசூர்
7.7.2024

அன்புள்ள அப்பா, நலம். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது?

அம்மாவை அளந்துவிட்டேன். நைட்டி தைக்க என்று சொல்லி நிற்க வைத்தேன். முழங்கைக்கு எதற்குடி அளவு என்று கேட்டார்கள். புது மாடல் என்று சொல்லிச் சமாளித்தேன். தரையிலிருந்து முப்பத்தைந்து அங்குலம். ஆமாம் அப்பா, அம்மா இங்கே நைட்டிதான் போடுகிறார்கள். சாயங்காலம் மூன்றாவது மாடி மாரியம்மா அக்காவோடு நடக்கப் போகிறார்கள். ஏரி வரைக்கும் போய் வருகிறார்கள்.

சமையலில் அம்மாவுக்கு அதிகம் வேலை இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு மதியம் ஷிஃப்ட் என்பதால் காலைச் சமையல் அவர்தான் செய்கிறார். வந்த புதிதில் அம்மா அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார்கள். "மாப்பிள்ள ஆக்கிப் போட்டு மாமியா திங்கிறதா, ஊருல கேட்டா என்ன நெனப்பாக"ன்னு ரெண்டு நாள் வெறும் டீயோடு இருந்தார்கள். இப்போது அப்படி இல்லை.

பவா தவழ ஆரம்பித்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசை

*

வாடிப்பட்டி
14.7.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சுகம். கடிதம் கிடைத்தது. படித்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன். மில்லில் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை.

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு காபித் தட்டை மட்டும் நீட்டினாள். மாப்பிள்ளை இருக்கிற அறையில் நாற்காலியில் உட்கார மாட்டாள். அவளா மாப்பிள்ளை ஆக்கிப் போட்டுச் சாப்பிடுகிறாள்? நைட்டி வேறா? நீ வேறு யாருடைய அம்மாவையாவது அளந்துவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னேன், மாப்பிள்ளையிடம் காட்டாதே.

ஆடி பிறப்பதற்குள் என்று செங்கல் சுவரை எழுப்பிவிட்டோம். முப்பத்தைந்தில் நாலு போக முப்பத்தொன்று. அழகுபாண்டி ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஒரு மயிரிழை பிசகாமல் கட்டியிருக்கிறான். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் குழாய் இறக்கியாகிவிட்டது. மிக்ஸிக்கு சுவிட்ச் வைத்தாகிவிட்டது. ஆடியில் கல் பதிக்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆவணியில் நாள் பார்த்திருக்கிறேன். உன் அம்மா ஆடிக் கடைசியில் வந்துவிட்டால் அவள் கண் முன்னாலேயே பதித்துவிடலாம். திடீரென்று காட்டுவது போனால் போகட்டும். தேதியைக் கேட்டு எழுது.

மெஸ்காரர் குலசாமி கும்பிட ஊருக்குப் போய்விட்டார். கூடத்தில் தரையில் அடுப்பை வைத்து நானே சோறு ஆக்கினேன். ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி என்று முப்பது வருஷம் மில்லில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. சிவபாண்டி வீட்டு நாய்க்கு ரெண்டு நாளாக நம் வீட்டில்தான் விருந்து.

அப்பா

*

வாடிப்பட்டி
4.8.2024

மகள் இசைவாணிக்கு. நான் சுகம். உங்களிடமிருந்து மூன்று வாரமாகத் தகவல் இல்லை. கடிதம் வழியில் தொலைந்துவிட்டதோ என்று இதை எழுதுகிறேன். பேத்திக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

போனில் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். "சாப்டீங்களா?" என்றாள். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சாப்டேன்" என்றேன். அதோடு போனை வைத்துவிட்டோம். சிவபாண்டிக்கு அன்றைக்கு வேலையே இல்லை.

கல் அறுத்துத் தயாராக இருக்கிறது என்று பட்டறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எழுது தாயி.

அப்பா

*

ஓசூர்
11.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு, எல்லோரும் நலம், பவாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. உங்கள் ரெண்டு கடிதமும் கிடைத்தன. எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் நாளைக் கடத்திவிட்டேன்.

கிரானைட் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் தேதி கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், மறைக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பவாவுக்குத் தலை வாரினார்கள். பிறகு சொன்னார்கள்: "கடப்பாக் கல்லுல வேகுற சோறுதான் அதுலயும் வேகும். ஆக்குற கை ஒண்ணுதான. கல்லு பளபளன்னு இருந்தா எனக்கென்ன, என்னையவும் சேத்துப் பாலிஷ் போட்டு வைக்கவா?"

நீங்கள் கோபப்படக் கூடாது. அம்மா கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள்.

இங்கே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டீயோடு இருந்தார்கள் என்று எழுதினேன் இல்லையா, மூன்றாம் நாள் அவரே தட்டை அம்மா முன்னால் வைத்து, "அத்த, ஆறிப்போனா நல்லா இருக்காது"ன்னு சொல்லி ஒரு தோசையைப் போட்டுவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார். அம்மா சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு என் காதோடு, "இன்னொண்ணு கேட்டா தப்பா நெனப்பாராடி?" என்றார்கள். அன்றைக்கு அஞ்சு தோசை. கல்லிலிருந்து எடுத்த தோசையை உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவையாம். நமக்கெல்லாம் சுட்டுப் போட்டுவிட்டு, மிச்சத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

போன வாரம் என்னிடம் கேட்டார்கள்: "நான் இங்கேயே இருந்துகிறட்டுமாடி?" இருங்கம்மா என்று சொல்லிவிட்டேன். நான் வேறு என்ன சொல்வேன் அப்பா?

தேதி எழுதாததற்கு இதுதான் காரணம்.

இசை

*

வாடிப்பட்டி
19.8.2024

அன்பு மகளுக்கு. சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்தது. அம்மாவை இருக்கச் சொன்னது சரிதான். பெற்ற பிள்ளை வீட்டில் இருக்கிறாள், வேறு எங்கேயும் இல்லையே. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபப்பட்டால் கத்த வேண்டும், கத்தினால் எனக்கே கேட்காது.

அழகுபாண்டி வந்தான். ஆவணி பிறந்துவிட்டது, கல்லை எப்போது இறக்கட்டும் என்று கேட்டான். அக்கா வரட்டுமா, முன்னாடியே பதித்துவிடலாமா என்றும் கேட்டான். ஒரு வாரம் பொறு என்றேன். "கல்லு கெடந்தா ஒண்ணும் ஆகாதுண்ணே, நீங்கதான் இளைச்சுட்டே போறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டுச் சொல். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. நேற்றுச் சுரண்டினதில் கரண்டிதான் வளைந்தது. அவருக்கு மட்டும் எப்படி வருகிறது?

அப்பா

*

ஓசூர்
25.8.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, சூர்யபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீங்கள் என்னிடம் கேட்டதாக இசை சொன்னாள். மாமனாருக்கு நான் எழுதும் முதல் கடிதம் தோசை பற்றி இருக்கும் என்று நினைக்கவில்லை.

உங்கள் கல் நன்றாகச் சூடேறவில்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் தெளித்தால் சொய் என்று சத்தம் வர வேண்டும். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், துளி நிற்காமல் உருண்டு ஓடும். பிறகு பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு, தீயைக் குறைத்து மாவை ஊற்றுங்கள். ஓரம் தானாக எழும்பும் வரை கரண்டி போட வேண்டாம். மாமா, அவசரப்பட்டால்தான் பிய்யும்.

நான் எழுதுவதை அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அவுகளா தோச சுடுறாக?" என்று ரெண்டு முறை கேட்டார்கள். "ஆமா அத்த" என்றேன். முதல் தோசை வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம், யாருக்கும் வராது என்று எழுதச் சொன்னார்கள்.

பணிவுடன்,
சூர்யபிரகாஷ்

*

வாடிப்பட்டி
9.9.2024

அன்பு மகள் இசைக்கும் மாப்பிள்ளைக்கும் மருது எழுதுவது. இங்கே நான் சுகம். பேத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாளா?

போன புதன்கிழமை கல் பதித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் அழகுபாண்டியைக் கூப்பிட்டு, "சுவரை ஏத்திக் கட்டணும்" என்றேன்.

"நூல் பிடிச்சுக் கட்டியிருக்கேன், இதுக்கு என்னாண்ணே கொறச்சல்?"

"அது முப்பத்தஞ்சு அங்குல முழங்கைக்கு. இப்ப என்னைய அள."

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "யாரு சமைக்கிறாங்களோ அவங்களுக்குன்னு சொன்னேண்ணே."

"அதான் நிக்கிறேன்ல."

அளந்தான். நாற்பத்திரண்டு. நாலு போக முப்பத்தெட்டு. "நல்லா யோசிச்சுக்கங்கண்ணே. அக்கா வந்தா மோவாக்கட்டையத்தான் மேடையில வைக்கணும். என்னையத்தான் வைவாங்க" என்றான். வையட்டும், உன் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். முனகிக்கொண்டே ரெண்டு வரி செங்கல் ஏற்றிக் கட்டினான். அது காய்ந்து இறுகிய பிறகு, நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கி வந்து வைத்தார்கள். என் கோணல் மூலையில் ஒரு ஊசி போகிற இடம்கூட இல்லை. ரசமட்டத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் குமிழி நடுவிலேயே நிற்கிறது. சிவபாண்டி வந்து பார்த்துவிட்டு, இதில் சமைக்கப் போகிறீர்களா, இல்லை படுக்கப் போகிறீர்களா என்றான்.

ரெண்டு நாள் ஈரம் படாமல் விட்டுவிட்டு, படுக்கிற அறையில் இருந்த சாமானை எல்லாம் அடுக்கினேன். எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. என் கைக்கு எது எங்கே வந்ததோ அங்கே வைத்துவிட்டேன். மிளகாய்த்தூள் இருக்கிற இடம் உன் அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தோசை. மாப்பிள்ளை சொன்னபடி துளி உருண்டு ஓடியது. முதல் தோசை பிய்ந்தது. ரெண்டாவது சிவபாண்டி வீட்டு நாய்க்கு. மூணாவது முழுசாக வந்தது. வந்த சந்தோஷத்தில் தட்டை மேடையில் வைத்தேன், கல் வழவழப்பில் அது அந்தக் கோடி வரைக்கும் ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் பின்னாலேயே ஓடினேன்.

உன் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடு. மேடை அவளுக்கு எட்டாது. கூடத்தில் மேசையும் ரெண்டு நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா

*

ஓசூர்
20.9.2024

இசை அப்பாவுக்குத் தங்கப்பொண்ணு எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? வயிறு எப்படி இருக்கு? அஞ்சாப்பு படிச்ச எழுத்து, தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இசை எழுதித் தாரேன்னு சொன்னா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்.

உங்க கடுதாசிய வாசிக்கச் சொன்னேன். மேடை எட்டாதுன்னு இருந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். மாப்பிள்ள சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாக.

மூணாவது தோச சரியா வந்ததுல அம்புட்டுச் சந்தோசப்பட வேணாம். நாலாவது எப்படி இருந்துச்சுன்னு எழுதவே இல்லையே.

இங்க பிள்ளையப் பகல்ல பாத்துக்கிற எடத்துல பவாவச் சேத்திருக்காங்க. அழுகாம இருக்கா. அடுத்த வெள்ளிக்கெழம ராத்திரி பஸ்ஸுக்கு மாப்பிள்ள சீட்டுப் போட்டிருக்காக. விடியக்கால வாடிப்பட்டியில எறங்குவேன். நீங்க வந்து நிக்கணும்னு இல்ல, சிவபாண்டி தம்பிய அனுப்பினாப் போதும். காலம்பற தோச, அடுப்புப் பக்கம் நான் வர மாட்டேன். நைட்டி ரெண்டு கொண்டாரேன், ஊருல யாரும் பேசுனா நீங்க பதில் சொல்லிக்கங்க.

ஒண்ணே ஒண்ணு. மேடை எட்டலைன்னு பரிதாபப்பட்டு, ஏறி நிக்க ஸ்டூலு கீலு எதையும் வாங்கி வச்சிராதீங்க.

தங்கப்பொண்ணு